அலாரத்துக்குப் போட்ட தொப்பி

ஜனவரி 6, திங்கள்

வீட்டுக்கு முன்னால், டிரைவேயில் நிற்கும் தகரப்பெட்டிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். இவர் இதை ‘மோட்டர் ஹோம்’ என்பார். கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கக்கூசும் இருக்கிறது. எல்லாம் ஒன்றின் மடியில் ஒன்று. வோபர்னில் இத்தனை வருடம் குடியிருந்த சொந்த வீடு யன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. உள்ளே போக முடியாது. நிலத்தைக் கிளப்பி, சுவரை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

எல்லாம் என்னுடைய மனிசன் நவரட்ணத்தின் கெட்டித்தனம். காலமெல்லாம் ட்ரக் ஓடிவிட்டுப் போன கோடையில் ஓய்வெடுத்தவர், ஒரு மாதம் சும்மா இருந்தாரா? இல்லை. இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். கிறிஸ்மஸ் லீவுக்குப் புளோரிடா போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னார். வெளிக்கிடும்போது வீட்டு ஹீற்றரை நூர்த்தார். “ஆளில்லாத வீட்டுக்கு ஏனப்பா சூடு? பேய்க்குக் குளிரப்போகுதோ?”

பஃபலோவைத் தாண்டமுதல் பிரேக் கத்தத் தொடங்கியது. அதைத் திருத்த அங்கேயே நாலு நாள் கிடந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் மழை. மேல்மாடிப் பைப் உறைந்து வெடித்திருக்கிறது. பேய்க்குக் குளிரவில்லை, பைப்புக்குக் குளிர்ந்துவிட்டது.

திருத்தி முடிக்கப் பெப்ரவரி கடைசியாகுமாம். “அதுவரைக்கும் எங்கை இருக்கிறது?” என்று கேட்டேன். இவர் கையை நீட்டி இந்தப் பெட்டியைக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இதில் குடியிருக்கக் கிடைத்ததற்காக வீடு நனைந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 8, புதன்

சிவானி திரும்பவும் போன் எடுத்தாள். ஒரே மகள். றிச்மண்ட் ஹில்லில் புருசன் ராகுலனோடும் மாமியார் இராஜேஸ்வரியோடும் இருக்கிறாள். “அம்மா, திஸ் இஸ் கிரேஸி. இந்தக் குளிருக்குள்ள ஏன் அதுக்குள்ள இருக்கிறீங்கள்? இங்க வாங்கோ.” பிறகு சம்மந்தியே போனை வாங்கினா. “குணவதியக்கா, எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. கட்டில், பாத்றூம் எல்லாம் இருக்கு. அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

நல்ல மனதோடுதான் கேட்டா. நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், அதுதான் வினை.

“பேஸ்மென்றோ? எங்களை வாடகைக்கு வந்த ஸ்ருடன்ற் எண்டு நினைச்சாவோ?” போனை வைக்க முதலே இவர் துள்ளினார். “பொம்பிளை குடுத்த வீட்டில சாப்பிடலாம். போய்ப் படுக்கேலாது. என்ர அப்பர் தன்ர மகள் வீட்டில ஒருநாள் படுத்தவரோ?”

படுக்கவில்லை, உண்மைதான். அவருடைய மகள் வீடு அடுத்த ஒழுங்கை. சாப்பிட்டுவிட்டு நடந்து வந்து தன் கட்டிலில் படுத்தார், வேட்டியோடு, மேலில் ஒரு சட்டைகூட இல்லாமல். இங்கே நான் இரண்டு காற்சட்டை, மூன்று சுவெற்றர், ஒரு தொப்பியோடு படுக்கிறேன். இதைச் சொன்னேன். “உமக்கு முறைவழி விளங்காது” என்றார். எனக்கு விளங்குகிறது. விறைத்துச் செத்தாலும் சம்மந்தியின் கூரைக்குக் கீழே சாகக்கூடாது, அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

பல் விளக்கத் தண்ணீர் வரவில்லை. பெட்டியின் பைப்பும் உறைந்துவிட்டது. இந்த மனிசனுக்கும் பைப்புகளுக்கும் ஏதோ பழைய பகை.

ஜனவரி 11, சனி

இப்போது இவர் விஞ்ஞானி. யூரியூப்பில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரனைக் குருவாக வைத்திருக்கிறார். அவன் அலாஸ்காவில் பெட்டிக்குள் குடியிருக்கிறானாம். அவன் சொல்வதில் பாதியைக் கேட்பார். மீதியைத் தன் பங்குக்குச் சேர்ப்பார்.

பெட்டியைச் சூடாக்கப் புரொபேன் காஸில் ஓடும் சின்ன ஃபேர்னஸ் ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இருந்தால் போதாதா? வீட்டுக் குசினி யன்னலால் ஒரு எக்ஸ்ரென்ஷன் வயரை இழுத்துவந்து கரண்ட் ஹீற்றர் ஒன்றையும் பூட்டினார். சாமம் ஏதோ கருகிய மணம். வயரைத் தொட்டால் அதில் தோசை சுடலாம். பிடுங்கி எறிந்தேன். அடுத்து, கூரையில் காற்றுப் போகவர இருக்கும் ஓட்டையைத் தலையணையால் அடைத்தார். என்னுடைய தலையணையால்.

சிவானி மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சமைக்கும் அடுப்பைக் குளிர்காயக் கொழுத்தவேண்டாம், அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வாசித்துக் காட்டினேன்.

“ஹீற்றருக்குப் பக்கத்தில பிறந்த பிள்ளை எனக்குக் குளிரைப் பற்றிப் படிப்பிக்குது. நான் வினிபெக்கில ட்ரக்குக்குள்ள படுத்தெழும்பினவன்.”

வினிபெக் கதை தொடங்கிவிட்டது. அது முடிய இரவுச் சாப்பாடாகும். திருமணமான நாளில் இருந்து இந்த வாய் ஓயவில்லை. வீடு பெரிதென்றால் வேறு அறைக்குப் போய்விடலாம். இதற்குள் எங்கே போவது? கக்கூசுக்குள் இருந்தாலும் கேட்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பெட்டிக்குள் பொங்கினோம்.

பால் பொங்கி அடுப்பை நூர்த்ததுவரை எல்லாம் ஒழுங்கு. படத்துக்கு முன்னால் சாம்பிராணி போட்டுக் கற்பூரம் கொழுத்தினார். உடனே கட்டில் காலடியில் இருந்து ஒரு கத்தல்! அங்கே வெள்ளையாக, சதுரமாக ஒரு அலாரம் பூட்டியிருக்கிறது. காஸ் கசிந்தாலும் கத்துமாம், ஃபேர்னஸின் நச்சுப்புகை உள்ளே வந்தாலும் கத்துமாம். அதற்குக் கற்பூரமும் நஞ்சு. இவர் சால்வையால் விசுக்கினார், நான் கதவைத் திறந்தேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கற்பூரம் எரிந்து முடிந்தபிறகும் அது அடங்கவில்லை.

“இஞ்சாருமப்பா, ஒரு தொப்பி எடும்.”

தொப்பி என்றால் குளிக்கும்போது தலைக்குப் போடும் பொலித்தீன் தொப்பி. ட்ரக் ஓடிய காலத்தில் தங்கிய மொட்டல் எல்லாவற்றிலும் எடுத்துச் சேர்த்தவர். நான் சட்டி மூட வைத்திருக்கிறேன். வீட்டுக் குசினி முகட்டில் இருக்கும் அலாரத்துக்கும் அதுதான். மிளகாய் வறுத்தால் கத்தும் என்று வந்த வருடமே போட்டது, இன்னும் கழற்றவில்லை. நாங்கள் மட்டுமா? எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதி அலாரம் தொப்பி போட்டுக்கொண்டுதான் தூங்குகிறது.

கடைசித் தொப்பியை நானே எடுத்துக் கொடுத்தேன். இவர் குனிந்து, பிள்ளைக்குப் போடுவதுபோல இழுத்துப் பொருத்தி, மேலால் ரேப்பும் ஒட்டினார். சத்தம் நின்றது. அப்பாடா! பொங்கல் கட்டியாகிவிட்டது. சூடாக்கித் தின்றோம்.

ஜனவரி 18, சனி

அடுத்த கிழமை கடும் குளிர் வருகுதாம். இவர் பகல் முழுக்க வெளியே நின்று பெட்டியை நீலப் பிளாஸ்ரிக் படங்கால் சுற்றிக் கட்டினார். கயிறு, ரேப், பலகை. ட்ரக்கில் சாமான் கட்டிய கை, ஒரு ஓட்டை விடவில்லை. யன்னலும் தெரியாது, வெளியும் தெரியாது. பெட்டி இப்போது கப்பலில் ஊருக்கு அனுப்ப வைத்த பார்சல் மாதிரி இருக்கிறது.

“எப்பிடி? இனி ஒரு காத்து வரட்டும் பாப்பம்!” என்றார், மூக்கு வடிய வடிய.

சொல்லத்தான் வேண்டும், உள்ளே நல்ல சூடு. இன்று ஒரு சுவெற்றரைக் கழற்றினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க ஏலாது.

ஜனவரி 20, திங்கள்

இன்று ஒரு அதிசயம். இவர் கதைக்கவில்லை.

காலையில் நான் வேலைக்குப் போனேன் — மார்க்கம் றோட்டுச் சாப்பாட்டுக்கடையில் இடியப்பம் பிழிகிற வேலைதான். மத்தியானம் திரும்பி வந்தேன். இவர் கட்டிலில் படுத்திருந்தார். “என்ன செய்தனீங்கள்?” “ம்.” “சாப்பிட்டியளோ?” “ம்.” அவ்வளவுதான். வினிபெக் இல்லை, அலாஸ்காக்காரன் இல்லை, சம்மந்தி இல்லை. நான் தேத்தண்ணி போட்டுக் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இப்படி ஒரு அமைதி இந்தத் தாம்பத்தியத்தில் கண்டதில்லை. பிள்ளையார் கண் திறந்துவிட்டார். இந்தக் குளிர் இன்னும் கொஞ்சநாள் நிற்கட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

எனக்கு லீவு நாள். எழும்பும்போதே தலையிடி. நாள் முழுக்கப் பெட்டிக்குள் இருந்தால் யாருக்குத்தான் வராது? இவருடைய காலுறை மணமும் சேர்ந்தால்? இவரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். சோறு வேண்டாமாம், வயிற்றைப் பிரட்டுகிறதாம். நேற்றைய மீன்குழம்பைக் குறை சொல்கிறார். அதே குழம்பைக் கடைக்கும் கொண்டுபோனேன், அங்கே ஒருவருக்கும் பிரட்டவில்லை.

எனக்குக் கடைக்குப் போனால் தலையிடி இல்லை. வீட்டுக்கு வந்தால் இடிக்கிறது. என்ன விளங்குகிறது? மனிசனால் வருகிற வருத்தம்.

ஜனவரி 22, புதன்

நாளைக்கு இராஜேஸ்வரி வருகிறாவாம். “நீங்கள் வரமாட்டியள், நான் வந்து பாக்கிறன்” என்றா. பார்க்கவா, படமெடுத்துக் கோயில் சிநேகிதிகளுக்குக் காட்டவா, யாருக்குத் தெரியும். இவரிடம் சொன்னேன். குதிப்பார் என்று பார்த்தால், “ம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வெட்கம் போல. நல்லது, கொஞ்சம் வெட்கப்படட்டும்.

ஜனவரி 23, வியாழன்

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நாளைக்கு எழுதுறன்.

ஜனவரி 24, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். இவர் கட்டிலில், மூக்கிலும் வாயிலும் ஒக்சிசன் மாஸ்க்கோடு.

நேற்று நான் கடையில் இருந்து வந்து கொஞ்ச நேரத்தில் இராஜேஸ்வரி வந்தா. குதிவரை நீளமான கோட், கையில் பெரிய கண்ணாடிச் சட்டி நிறையப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கதிரையின் நுனியில் இருந்தா. இவர் கட்டிலில் அரைக்கண். “வாங்கோ” என்று சொல்ல வாய் கோணியது. எனக்கு ஆத்திரம். வந்த சம்மந்திக்கு எழும்பி ஒரு வணக்கம் சொல்லக்கூடாதா?

கொஞ்சநேரம் போக இராஜேஸ்வரி நெற்றியைத் தேய்த்தா. “அக்கா, எனக்கு ஒரு மாதிரித் தலை இடிக்குது.” பார், வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கமுதல் றிச்மண்ட் ஹில் தலைக்கு எங்கள் காற்று ஒத்துவரவில்லை. மனதுக்குள் திட்டினேன். வெளியே சிரித்தேன்.

போக எழும்பினா. புட்டையும் குழம்பையும் மாற்றிவிட்டேன், கொண்டுவந்த சட்டியை வெறுமையாய் எப்படிக் குடுக்கிறது? அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை, கடையில் இருந்து கொண்டுவந்த தேங்காய்ச் சம்பல் இருந்தது. அதை அள்ளிப் போட்டேன். மூட ஒரு தொப்பி வேண்டும். தேடினேன், ஒன்றும் இல்லை. கடைசித் தொப்பி அலாரத்தின் தலையில். குனிந்து, ரேப்பைக் கிழித்து, இழுத்தேன்.

ஐயோ, அது கத்தின கத்தல்!

“கற்பூரத்தை நூரும்” என்று இவர் முணுமுணுத்தார்.

என்ன கற்பூரம்? யார் கொழுத்தினது? அடுப்பைப் பார்த்தேன். பச்சைத்தண்ணிகூட வைக்கேல்லை. விளக்கு இல்லை, சாம்பிராணி இல்லை. ஒண்டும் இல்லை. பிறகு ஏன் கத்துது? நானும் இராஜேஸ்வரியும் ஆளையாள் பார்த்தம். அவ தலையில கை. என்ர தலையும் இடிக்குது. இவர் நாலு நாளா எழும்பேல்லை. கடைக்குப் போனா எனக்குச் சுகம், வந்தா வருத்தம். அப்பதான் எனக்கு விளங்கினது, நச்சுப்புகை உள்ள வருகுது.

“இராஜேஸ்வரி, வெளியில! இவரைத் தூக்கு!”

எழும்பச் சொன்னா எழும்புறாரில்லை. கால் துணி மாதிரி. நான் ஒரு பக்கம், அவ மற்றப் பக்கம். அந்தக் கோட் போட்ட மனிசி ஒரு கையை இவற்ற கமக்கட்டுக்குள்ள விட்டு இழுத்த இழுவை! சப்பாத்து ஒண்டு படியிலயே கழண்டு விழுந்திட்டுது. வெறும் காலுறையோட பனிக்குள்ள நிண்டு, தன்ர கோட்டைக் கழட்டி இவரைச் சுத்தினா. சம்மந்தி வீட்டுக் கூரைக்குக் கீழ படுக்கமாட்டன் எண்ட வீரன் சம்மந்தியின்ர தோளில தொங்கிக்கொண்டு, சம்மந்தியின்ர கோட்டுக்குள்ள கிடக்கிறார். நான் சிரிச்சனோ அழுதனோ தெரியேல்லை. ரெண்டும்தான்.

இராஜேஸ்வரி போன் அடிக்க, தீயணைப்புக்காரர் வந்தார்கள். ஒருவன் மாஸ்க் போட்டு, கையில் ஒரு மீற்றரோடு உள்ளே போய் உடனே வெளியே வந்தான். மற்றவன் படங்கைக் கத்தியால் கிழித்தான். பெட்டியின் பக்கச்சுவரில், ஃபேர்னஸின் புகை வெளியே போகிற வாய். அதற்கு மேலாகத்தான் இவர் நீலப் படங்கை இழுத்து இறுக்கி ரேப் ஒட்டியிருக்கிறார். போன புகை போக வழியில்லாமல் திரும்பி உள்ளே வந்திருக்கிறது. மணமும் இல்லை, நிறமும் இல்லையாம் அந்த நஞ்சுக்கு. கூரை ஓட்டையில் என்னுடைய தலையணை. ஒரே ஒரு காவல்காரன் இருந்தான், அவனுக்கும் நாங்கள் தொப்பி போட்டுப் படுக்க வைத்துவிட்டோம்.

நான் கையில் அந்தப் பொலித்தீன் தொப்பியோடு நின்றேன். தீயணைப்புக்காரன் அதைப் பார்த்துவிட்டு, என்ன அது என்று கேட்டான். “ஃபோர் குக்கிங்” என்றா இராஜேஸ்வரி. அவன் தலையை ஆட்டினான்.

இராஜேஸ்வரியையும் என்னையும் சோதித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இவரை விடவில்லை. இன்னும் ஒரு இரவு படுத்திருந்தால் எழும்பியிருக்கமாட்டார் என்று டொக்டர் சிவானியிடம் சொல்லியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பிறகு இந்தக் கொப்பியைப் புரட்டினேன். திங்கட்கிழமை நான் என்ன எழுதியிருக்கிறேன்? அமைதி. பிள்ளையார் கண் திறந்துவிட்டார். சீ! மனிசன் செத்துக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்.

ஜனவரி 25, சனி

மாஸ்க்கைக் கழற்றினார்கள். முதல் வார்த்தை: “பெட்டிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

அடிக்கலாம் போல இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

றிச்மண்ட் ஹில்.

நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ராகுலன் காரைக் கொண்டுவந்து நிறுத்த, இவர் தன்பாட்டில் முன்சீற்றில் ஏறி பெல்ற் போட்டார். அப்பரையும் முறைவழியையும் பற்றி ஒரு கதையும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் இராஜேஸ்வரி மேல்மாடி அறையைக் காட்டினா, நல்ல வெளிச்சமான அறை. “இல்லைத் தங்கச்சி, பேஸ்மென்ற் காணும்” என்றார் இவர். எனக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. பிறகுதான் விளங்கியது. கீழேதான் இவர்களுடைய ஃபேர்னஸ் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் படுத்துக் காவல் காக்கவேண்டுமாம்.

பெப்ரவரி 3, திங்கள்

இவர் இந்த வீட்டுக் குசினி முகட்டை அண்ணாந்து பார்த்தார். றிச்மண்ட் ஹில் அலாரத்துக்கும் தொப்பி! எங்களுடையதைவிட வடிவானது, ஓரத்தில் பூப்போட்டது. இராஜேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. “செத்தல் மிளகாய் பொரிச்சாக் கத்துது அண்ணை...” இவர் கதிரையில் ஏறிக் கழற்றினார். இனி நான் குழம்புக்குத் தாளிக்கும்போதெல்லாம் அது கத்தும், இவர் துவாயோடு ஓடிவந்து அதற்குக் கீழே நின்று விசுக்குவார். சிவானி வீடியோ எடுக்கிறாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நேற்றிரவு முழுக்கப் பனி. காலையில் எழும்பிப் பார்த்தால் கார் எது, மதில் எது என்று தெரியவில்லை. ஆட்கள் வழி வெட்ட முதல் இவர் விளக்குமாறும் கையுமாக வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் ஃபேர்னஸின் புகை போகும் குழாய் இருக்கிறது. அதைச் சுற்றிப் பனியைத் தட்டி, கையை வைத்துச் சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனனின் குழாயையும் தட்டிக் கொடுத்திருக்கிறார். அவன் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பிரசங்கம். காபன் மொனொக்சைட் என்றால் என்ன, அலாரத்தை எங்கே பூட்டவேண்டும், படங்கு கட்டினால் எந்த வாயை விட்டுக் கட்டவேண்டும். அலாஸ்காக்காரன் போய்விட்டான், இப்போது இவரே குரு. எல்லாம் வேறு யாரோ ஒரு மடையனுக்கு நடந்தமாதிரித்தான் சொல்கிறார். ராகுலன் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். இராஜேஸ்வரி கொட்டாவியைக் கையால் மூடினா. எனக்கு எல்லாம் பாடம்.

எங்கள் வீட்டில் நிலம் போட்டு முடிந்ததாம். மாதக் கடைசியில் போகலாம். பெட்டியை விற்கப் போட்டிருக்கிறார். பார்க்க வந்த ஆளுக்குப் பிரசங்கம் வைத்ததில் அவன் வாங்காமல் ஓடிவிட்டான்.

இரவு சாப்பிட்டபின் இவர் கீழே போனார். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து சத்தமே இல்லை. எழுதினேன். இன்னும் சத்தமில்லை. பேனையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனேன்.

சோபாவில் இருந்து ரீவியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா?” என்றார்.

“ஒண்டுமில்லை. ஏதாவது கதையுங்கோ.”

விசர் பிடித்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு ரீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வினிபெக்கில் இருந்து தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்து, முடியும்வரை கேட்டேன்.